அழுகிற முகத்தில் ஒரு டிக்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது என்னிடம் இப்போது எங்கே வேலை என்று கேட்டால், ஆராய்ச்சிப் பண்ணையில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அங்கே என்ன வேலை என்று விடாமல் கேட்பவர்களும் உண்டு. சோறு ஆக்குகிற வேலை என்றால் கேன்டீன் மாஸ்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, நெல் ஆராய்ச்சிக்காக ஆக்குகிறேன், ஒரு நாளைக்கு ஐந்தாறு விதமான சோறு, ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் அளவுதான் என்று விளக்க ஆரம்பித்தால் பந்தியில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாவதோடு என் படிப்பு நின்றதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாதது இன்னொரு காரணம். எழுதும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எழுத நினைப்பது சோறு ஆக்கிய அந்தப் பழைய அறையைப் பற்றி. இப்போது பண்ணையில் புதுக் கட்டடம் வந்துவிட்டது. சோற்றைச் சுவைத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே தனித்தனித் தடுப்பு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சின்ன ஜன்னல் வழியாக நான் தட்டைத் தள்ளுவேன், உள்ளேயிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும். ஆனாலும் வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் என் காது தானாகப் பழைய அறைப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆவி படிந்து வழிகிற ஜன்னல் கண்ணாடி. வாசலில் இருந்த குழாயில் சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டே உள்ளே இருக்கும் என்னை வம்புக்கு இழுக்கும் பெண்கள். இப்போது அந்த அறையில் பழைய சாக்குகள் கிடக்கின்றன. கதவைத் திறந்தால் வேறு வாசனை வருகிறது.

அந்த வேலைக்கு நான் வந்ததே பேசாத குணத்தால்தான். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடிய பிறகு வில்லியனூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்த இந்தப் பண்ணையில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். கட்டுச் சுமப்பது, குருவி விரட்டுவது. நெல் ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் புதிதாக வந்திருந்தார். மூலக்குளத்தில் வாடகை வீடு. தினமும் ஸ்கூட்டரில் வியர்த்து வந்து இறங்கி, “மூலக்குளம் டிராஃபிக்க தாண்டறதுக்குள்ள ஒரு போகம் வெளஞ்சிடும் போலண்ணா” என்பார். சமைக்கும் அறையில் தனக்கு ஒரு ஆள் வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அரட்டை அடிக்கக் கூடாது என்று அவர் கேட்டபோது, மேஸ்திரி யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார். “இவன் வாயத் தொறந்து நானே பாத்ததில்ல” என்றார்.

அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். என்னை அண்ணா என்பார்.

மேடம் செய்த ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பாகூர்ப் பக்கம் சிலரிடம் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பழைய சிவப்பு நெல். ஆள் உயரம் வளரும், ஐப்பசி மழைக்குப் படுத்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆனால் அந்த அரிசிச் சோறு வயிற்றில் மெதுவாகக் கரையும், சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறாது என்று ஆய்வில் தெரிந்ததாம். அந்தச் சிவப்பு நெல்லையும், எல்லாரும் விரும்பிச் சாப்பிடும் குட்டையான வெள்ளை நெல்லையும் மேடம் ஒட்டுச் சேர்த்திருந்தார். நெல் பூ திறப்பதற்கு முன்பே நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டி, ஆண் பாகத்தை ஊசி முனையால் எடுத்துவிட்டு, அடுத்த நாள் வெயில் ஏறியதும் மற்றதன் மகரந்தத்தை அதன்மேல் தட்டி, பட்டர் பேப்பர் உறையைப் போட்டு மூடுவார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள் என்று பல தலைமுறை வயலில் வரிசை வரிசையாக நின்றன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சில நெட்டை, சில குட்டை, சிலவற்றின் அரிசி சிவப்பு, சிலவற்றில் வெளுத்த ரோஜா நிறம். அவற்றில் எது குட்டையாக நின்று நிறைய விளைந்து மெதுவாகவும் கரைகிறது என்று பொறுக்குவதுதான் வேலை.

என் பங்கு அறுவடைக்குப் பிறகு வரும். ஒவ்வொரு எண்ணின் அரிசியையும் எடைபோட்டுக் கொதிநீரில் போடுவேன். கொஞ்ச நேரம் கழித்துப் பத்துப் பருக்கையை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவேன். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. புள்ளி மறைகிற நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாவில் அயோடின் விட்டுப் பார்ப்போம். ஒட்டுகிற அரிசி என்றால் செம்பழுப்பாக நிற்கும், உதிரியாக விறைக்கிற அரிசி என்றால் மசி கொட்டினதுபோல் நீலமாகும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிச் சோதனை. சோற்றை மசித்துக் குழாயில் போட்டு, நம் எச்சிலிலும் வயிற்றிலும் இருப்பது போன்ற ஒரு சாற்றை ஊற்றி, உடம்புச் சூட்டில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தொட்டியில் வைப்போம். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து எவ்வளவு சர்க்கரை பிரிந்திருக்கிறது என்று பார்ப்போம். “இது ஒரு வயிறுண்ணா” என்பார் மேடம். அந்த வயிற்றின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் அம்மா.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா பாதி வாழ்க்கையை நடவு வயலில் குனிந்தே கழித்தவள். காலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மதியம் வரப்பில் ஆறிய சோறு, ராத்திரி சுடுசோறு. வேறு சாப்பாடு என்று ஒன்று இருப்பதை அவள் பலகாரம் என்றுதான் சொல்வாள். அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, சோற்றை நன்றாகக் குறைக்கச் சொன்னபோது அம்மா டாக்டரிடம், “கொறைச்சிட்டு இன்னாத்த திங்கறது?” என்று நிஜமாகவே கேட்டாள். சப்பாத்தி போட்டேன். “தோலாட்டம் கீது” என்று தள்ளினாள். கேழ்வரகுக் களி கிண்டினேன். “ஒரு நாள் திங்கலாம். தெனம் களி திங்க நான் இன்னா ஜெயில்லயா கீறன்?” என்றாள். நான் வேலைக்குப் போன பிறகு சட்டியைத் திறந்து கைநிறையச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வாள். அடுத்த முறை ரத்தம் எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் அதுவும் இல்லாமல் வெறுத்துப்போய், எதையும் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தாள். ரவிக்கையின் கை தொளதொளத்தது. ஒரு தட்டுச் சோற்றை அவள் முன்னால் பயமில்லாமல் வைக்க முடியுமா என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த கேள்வி.

அந்த ஆடும் தொட்டியில் ஒரு நாள் நாற்பத்தொன்றாம் எண்ணை வைத்தோம். மற்ற குழாய்களில் சர்க்கரை மளமளவென்று ஏற, அது மட்டும் பிடிவாதமாகக் கீழேயே நின்றது. மறுபடி வைத்தோம். அப்படியே நின்றது. அன்றைக்கு நானாக வாய் திறந்து, “மேடம், இத சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா?” என்று கேட்டேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “யாருக்குண்ணா?”

சொன்னேன்.

“கண்ணாடிக் குழாய் ஒண்ணு சொல்லும், மனுஷ வயிறு ஒண்ணு சொல்லும். சாப்பிடலாம்னு நான் சொல்லக் கூடாது, அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா எல்லாம் சரியா வந்தா, மத்த சோத்த விட இது கொஞ்சம் நல்லதுன்னு ஒரு நாள் சொல்லலாம்” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து வயல் வழியாகப் போகும்போதெல்லாம் நாற்பத்தொன்றாம் வரிசையில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அடுத்த போகத்துக்கு ஒரே ஒரு எண்தான் விவசாயிகளின் வயலுக்குப் போக முடியும். மற்றவை விதைப் பெட்டிக்குப் போய்விடும். அதை முடிவுசெய்ய, தொட்டியும் அயோடினும் போதாது, மனிதர்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பண்ணையிலேயே நடவும் களையும் பார்க்கும் பெண்களையும் வாட்ச்மேனையும் மதியத்துக்கு முன்னால் கூப்பிடுவோம். தட்டில் ஆறு குவியல், ஒவ்வொன்றும் இரண்டு ஸ்பூன். கையில் ஒரு தாள். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருக்கும். அழுகிற முகத்தில் தொடங்கிப் பல் தெரியச் சிரிக்கிற முகம் வரை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் டிக் அடிக்கலாம்.

முதல் நாளே தகராறு. நடவு செட்டுக்குத் தலைவியாக இருந்த அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கொழம்பு எங்க?” என்றார்.

“கொழம்பு கெடையாதுக்கா. வெறும் சோறுதான். அப்பதான் ருசி தெரியும்” என்றார் மேடம்.

“வெறுஞ்சோறு அமாவாசைக்கு காக்காவுக்கு வைக்கறது. எங்கள இன்னான்னு நெனச்ச?”

“காக்கா கூட பக்கத்துல பருப்பு கீதான்னு பாக்கும்” என்றார் வாட்ச்மேன்.

வில்லியனூர் மாதா கோயில் பக்கத்திலிருந்து வருகிற இன்னொரு அக்கா என் பக்கம் திரும்பினார். “த்தோ, பின்னால நிக்கறாரே மாஸ்டரு, அவரு ஊறுகானா வாங்கியாருவாரு. இன்னா மாஸ்டர்?”

நான் சோறு வேகும் ஆவிப்பானைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“வுடுடி, பயந்துட்டாரு” என்றார் செட்டு அக்கா. “இவர கட்டிக்கறவ குடுத்து வெச்சவ. அடுப்புப் பக்கமே போவ வேணாம்.”

“ஆமா, ஒரு நாளைக்கு ஆறு சோறு ஆக்கிப் போடுவாரு. கொழம்புக்கு மட்டும் பக்கத்து வூட்டுக்குப் போவணும்.”

இப்படித்தான் போகும். நான் காது சிவந்து நிற்பேன். ஆனால் அவர்கள் வராத நாட்களில் அறை என்னவோ போல் இருக்கும்.

சிரித்து முடித்துத் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேடம் எடுத்துப் பார்த்தால், எல்லாச் சோற்றுக்கும் எல்லாரும் சிரிக்கிற முகத்திலேயே டிக் அடித்திருப்பார்கள். ஒரு தாளில்கூட அழுகிற முகத்தில் பேனா பட்டிருக்காது.

“எல்லாமே எப்படிக்கா ஒரே மாதிரி நல்லா இருக்கும்?”

“நல்லாத்தானேம்மா கீது” என்பார் செட்டு அக்கா. “அழுவுற மூஞ்சில டிக் அடிக்க இது இன்னா எழவு வூடா?”

“பிடிக்காதத பிடிக்கலன்னு சொன்னாதான் எனக்கு உதவி.”

“உதவிதான் பண்றோம். வெயில்ல நின்னு நீ வெளைய வெச்சத நாங்க கொற சொல்லுவமா? அத மேல கீறவங்க பாத்துட்டு உன் வேல போயிட்டா? போம்மா. அதுவும் இல்லாம சோத்தப் பாத்து மொகம் சுளிச்சா மறுவேளைக்கு அது நம்மளப் பாத்து சுளிக்கும்.”

மேடம் தாள்களை அடுக்கிக் கட்டினார். அவர் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட இன்னொரு முறை உப்பு கேட்டு வாங்கிக்கொள்வோமே தவிர, உப்பில்லை என்று சொல்ல மாட்டோம். பரிமாறுகிறவர் மனது நோகும்.

அவர்கள் போன பிறகு மேடம் அயோடின் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பத்தொன்று மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமான நீலம். “இவ்ளோ நீலமா இருந்தா ஆறினதும் வெறைக்கணும்ணா. நான் சாப்பிட்டுப் பாத்தேன், வெறைக்குது. ஆனா எனக்கு எது எந்த எண்ணுன்னு தெரியும், அதனால என் நாக்கு கணக்குல சேராது. இவங்க ஒருத்தர் கூட சொல்லலையே” என்று குழம்புவார். தொட்டி நல்லது என்கிறது, சிரிக்கிற முகமும் நல்லது என்கிறது, அப்படியானால் நாற்பத்தொன்றைத்தான் அனுப்ப வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நானும் அதை ஒரு வாய் மென்று பார்த்திருந்தேன். எனக்கு விறைப்பாகவே படவில்லை. ஆசைப்பட்ட வாய்க்கு எல்லாம் மெத்தென்றுதான் இருக்கும் போலிருக்கிறது.

சம்பா நடவு தொடங்கியதும் பெண்கள் பாதிப் பேர் வெளி வயலுக்குப் போய்விட்டார்கள். சுவைக்க ஆள் குறைந்தது. மேடம் என்னிடம், “உங்க அம்மாவ கூட்டிட்டு வரீங்களாண்ணா? யாருக்காகச் செய்யறமோ அவங்கள்ல ஒருத்தர் கூட இதுல இல்ல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்றார். ஆறேழு வாய் சோற்றில் ஒன்றும் ஆகிவிடாது, அந்த வேளை ஆகாரத்தில் கழித்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

அம்மா கல்யாணத்துக்குப் போகிறவள்போலக் கிளம்பினாள். பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத புடவை. டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தினி சோறுடா?”

“ஆறு விதம்மா.”

“ஆறு தட்டா?”

“ஆறு குவியல். ஒண்ணொண்ணும் ரெண்டு ஸ்பூன்.”

“ஸ்பூனா? வண்டிய திருப்புடா” என்றாள். நான் வேகத்தைக் குறைத்ததும், “சும்மா சொன்னன், போ” என்று முதுகில் தட்டினாள்.

அன்றைக்கு அறையில் செட்டு அக்காவும் மாதா கோயில் பக்கத்து அக்காவும் வாட்ச்மேனும் இருந்தார்கள். செட்டு அக்காவும் அம்மாவும் ஒரு காலத்தில் ஒரே செட்டில் நட்டவர்கள். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “அடி, இன்னாடி இப்டி எளச்சிட்ட” என்று தொடங்கிவிட்டார்கள். நான் தட்டுகளை வைத்துவிட்டேன். பேச்சு நிற்கவில்லை. நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டோம். காற்று வந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா பெஞ்சில் உட்கார மறுத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் எடுத்தாள். முதல் குவியல் எப்போதும் ஒப்பிடுவதற்காக வைக்கும் வெள்ளை நெல் சோறு. அதை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நாள் கழித்து அவள் ஒளிக்காமல் சாப்பிடுகிறாள் என்று எனக்குத்தான் தெரியும். மேடம் மெதுவாகத் தண்ணீரை நீட்டி வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்.

அடுத்து வைத்திருந்தது நாற்பத்தொன்று. அம்மா எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“டேய், இத நீயா ஆக்கன?”

“ஆமாம்மா.”

“இது வேவல.”

“வெந்துச்சும்மா. கண்ணாடில வெச்சி பாத்தன்.”

“வெந்துச்சா?” இன்னொரு முறை மென்று முழுங்கினாள். “அப்ப இது சோறு இல்ல.”

மேடம் சட்டென்று எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாளை நீட்டி, “எந்த மூஞ்சிம்மா? நீங்களே காட்டுங்க” என்றார். அம்மா ஐந்து முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அழுகிற முகத்தின்மேல் விரலை வைத்தாள். மேடம் அங்கே டிக் அடித்தார்.

“அய்ய, இன்னாடி நீ” என்றார் செட்டு அக்கா. “சோத்தப் போயி அப்டி சொல்லலாமா?”

“சோறா இருந்தா சொல்லுவனா? ஒரு வாய் சோறு கெடைக்குமான்னு வாயக் கட்டிகினு கெடக்கறவடி நானு. எங்கிட்டயே இத சோறுன்னு குடுத்தா வவுறு எரியாதா? வரப்புல வெச்சிகினு மத்தியானம் இத தின்ன முடியுமா, நீயே சொல்லு.”

செட்டு அக்கா தன் தட்டில் இருந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தார். மாதா கோயில் பக்கத்து அக்காதான் தயங்கித் தயங்கி, “நெசத்த சொல்லணும்னா, போன வாட்டி மீந்தத வூட்டுக்கு எடுத்துனு போனன். எங்க வூட்டு நாயி மோந்து பாத்துட்டு என்னப் பாத்துச்சி பாரு ஒரு பார்வ” என்றார்.

“அடிப்பாவி. அன்னிக்கு சிரிக்கற மூஞ்சில டிக் அடிச்சியே?” என்றார் செட்டு அக்கா.

“நீ மட்டும் இன்னா? நீ அடிச்சத பாத்துத்தான் நான் அடிச்சன்.”

“எனுக்கு பல்லு செட்டுமா, மெல்லவே முடியல” என்றார் வாட்ச்மேன். “அன்னிக்கே சொல்லி இருப்பன். மேடம் மனசு நோவும்னு…”

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. “ஐயோ, இத சொல்றதுக்கு இவ்ளோ நாளா? சொன்னா என் வேல போகாதுக்கா. சொல்லலன்னாதான் போகும்” என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இது பிசுபிசுப்பு, இது வாசனை இல்லை, இது சூட்டில் தேவலாம் என்று ஒவ்வொன்றும் வெளியே வந்தது. “மூஞ்சியெல்லாம் காட்டாதம்மா” என்றார் செட்டு அக்கா. “இதுல எத மீந்தா தண்ணி ஊத்தி வெப்பன்னு கேளு. புடிக்காத சோத்துக்கு எவளும் தண்ணி ஊத்தி வெக்க மாட்டா. அதுல பொய் வராது.”

சத்தமும் சிரிப்புமாக அந்த அறை அன்றைக்கு இருந்ததுபோல் எப்போதும் இருந்ததில்லை. நான் மட்டும் ஆவிப்பானைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்று நான் மனதில் வைத்திருந்த சோற்றை அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது அம்மா, “அந்தப் பொண்ணு கோச்சிக்குமாடா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. சந்தோஷம்தான்.”

“அப்ப நீ ஏன் மொகத்த தூக்கி வெச்சிகினு கீற?”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதுதான் சர்க்கரையை மெதுவாக விடுகிற சோறு, உனக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றேன். வில்லியனூர்க் கோயில் தேரடி வந்தது. அம்மா என் தோளை அழுத்தி, “எனுக்கு சோறு வேணும்டா. சோறாட்டம் ஒண்ணு வேணாம்” என்றாள்.

மேடம் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். சூடாக ஒரு முறை, காலையில் ஆக்கி மதியம்வரை மூடிவைத்து ஒரு முறை. முகங்களை எடுத்துவிட்டு, எதற்குத் தண்ணீர் ஊற்றி வைப்பீர்கள் என்ற கேள்வியைத் தாளில் சேர்த்தார். நாற்பத்தொன்று கடைசிக்குப் போயிற்று. அதே கலப்பில் வந்த நாற்பத்தாறு முன்னால் வந்தது. தொட்டியில் அது நாற்பத்தொன்று அளவுக்கு மெதுவாக இல்லை, ஆனால் வெள்ளைச் சோற்றைவிட நிச்சயம் மெதுவாகவே கரைந்தது. அயோடினில் வானத்து நீலம். ஆறிய பிறகும் பருக்கை நசுங்கியது. மேடம் அதைத்தான் அனுப்பினார். நாற்பத்தொன்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தூக்கிப் போட மாட்டேண்ணா. இடியாப்பத்துக்கு இந்த வெறைப்புதான் வேணும். விதைப் பெட்டில இருக்கட்டும், என்னைக்காவது ஒருத்தர் தேடி வருவாங்க” என்றார்.

ஆராய்ச்சிப் படிப்பு முடிந்து மேடம் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனார். கிளம்புகிற அன்று பெண்கள் பூ வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டு, அங்கெல்லாம் சோறு கிடைக்குமா, கோதுமைதானா என்று விசாரித்தார்கள். நான் ஸ்கூட்டரின் முன்னால் அவருடைய கண்ணாடித் தகடு இரண்டையும் துணியில் சுற்றி வைத்தேன். “இது உங்களோடதுண்ணா” என்று திருப்பிக் கொடுத்தார். இப்போதும் அதில்தான் பருக்கையை அழுத்திப் பார்க்கிறேன்.

நாற்பத்தாறு பாகூர்ப் பக்கம் சில வயல்களில் சோதனையாக நிற்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. போன அறுவடை முடிந்ததும், சுவைத்துப் பார்த்தவர்களின் வீடுகளில் ஆக்கிப் பார்த்துச் சொல்லும்படி பண்ணையிலிருந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அம்மா பங்கை நான் கொண்டுவந்தேன். டாக்டரிடம் கேட்டோம். எந்தச் சோறானாலும் அளவு அளவுதான், ஒரு சின்னக் கிண்ணம், கூடவே கீரையும் மீனும் என்றார்.

காலையிலேயே ஆக்கி மூடிவைத்தேன். மதியம் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கிண்ணத்தால் அளந்து தட்டில் கவிழ்த்தேன். அம்மா பிசையாமல் முதலில் வெறுஞ்சோறாக ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பழைய அறையில் செய்ததுபோலவே. பிறகு குழம்பை இழுத்து மெதுவாகச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்டிம்மா கீது?”

“நல்லா கீதுடா” என்றாள்.

அந்த அறையில் எத்தனை தாளில் அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆக்கியவன் மகன், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். வேறு என்ன சொல்வாள்? இன்னொரு முறை கேட்காமல் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே அம்மா கையை நிறுத்திவிட்டாள். குழம்பு படாத பக்கமாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தாள்.

“ஏம்மா, போதுமா?”

“போதும். இத ஒரு சட்டில போட்டு தண்ணி ஊத்தி வை. காலைல சாப்புடறன்.”

நான் உள்ளே போய்ச் சட்டியும் சொம்பும் கொண்டுவந்தேன். அம்மா தட்டைச் சாய்த்து ஒரு பருக்கை விடாமல் விரலால் வழித்துப் போட்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். சோறு மூழ்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.